பதினொன்றுக்கு மூன்று: தில்லை நகர் கிளினிக்கின் ஒப்பீட்டுப் பலகை குறித்து

அனுப்புநர்
கி. டெல்பின் (வயது 52),
இயற்பியல் ஆய்வக உதவியாளர்,
புத்தூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பொருள்: எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இரண்டை ஒப்பிட்டுத் தனியார் கிளினிக்கில் பலகை வைத்திருப்பது – அதிலுள்ள விவரம் பிழையானது – பிழை மனுதாரருடையதே – பலகையை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கிளினிக் மேலாளர் திரு. ஜெயக்குமார் அவர்கள் 14.11.2026 அன்று "எதுவானாலும் எழுத்துல குடுங்க மேடம்" என்று வாய்மொழியாகத் தெரிவித்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது. மருந்து வேலை செய்தது, மருத்துவர் நல்லவர், செவிலியர் பிரான்சி ஊசி போட்டால் எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது. புகார் மனு எழுதுகிறவர்கள் இப்படித் தொடங்குவதில்லை என்பதை அறிவேன். ஆயினும் மூன்று மாடி ஏறி ஆய்வகத்துக்குப் போய், மூச்சு வாங்காமல் உட்கார்ந்து இதை எழுதும்போது, மனக்குறையோடு எழுதுவதாகக் காட்டிக்கொள்வது பொய்யாகிவிடும்.

2. நானும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் வசிக்கும் திருமதி ரங்கநாயகி அவர்களும் (வயது 55) ஒரே மகளிர் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து பணிபுரிகிறோம். நான் ஆய்வகம், அவர் நூலகம். நான் அவரை மாமி என்பேன், அவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பார். எனக்குச் சர்க்கரையும் எடையும். அவருக்கு எடையும் முழங்காலும். புத்தூரில் அவர் பார்த்த எலும்பு மருத்துவர், எடையைக் குறைத்துவிட்டு வந்தால் அறுவைச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம் என்று சொல்லியிருந்தார். காலையில் கோயில் நடை திறந்ததும் கிடைக்கும் விஸ்வரூப தரிசனத்துக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தவர், இரண்டு வருடமாக வீட்டுவாசலைத் தாண்டி நடக்கவில்லை. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலை இரண்டு வருடமாக டி.வி.யில்தான் கடந்துகொண்டிருப்பதாக அவரே சொல்வார். இந்த வருடம் தன் காலால் கடக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய வேண்டுதல்.

3. கடந்த பிப்ரவரி 18ஆம் தேதி, எங்களுக்குத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், இருவரும் ஒரே ஆட்டோவில் தில்லை நகர் சென்று மேற்படி கிளினிக்கில் பதிவு செய்துகொண்டோம் (கிளினிக்கின் பெயர், முகவரி இணைப்பு 1இல்). டாக்டர் சுரேஷ்குமார் அவர்கள் எனக்கு டிர்செபடைட் என்ற மருந்தையும், மாமிக்குச் செமாகுளூடைட் என்ற மருந்தையும் எழுதினார். இரண்டும் பேனா வடிவில் வருபவை. வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும், சிறிய அளவில் தொடங்கி மாதத்துக்கு ஒரு படியாக ஏற்ற வேண்டும். சாப்பிட்டதும் குடலில் சுரந்து போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் நம் எல்லோருக்கும் உண்டு. செமாகுளூடைட் அப்படி ஒரு ஹார்மோனைப் போலவும், டிர்செபடைட் இரண்டைப் போலவும் வேலை செய்யும் என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். ஆய்வுகளில் சராசரியாக டிர்செபடைட்டே கூடுதல் எடையைக் குறைத்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் மாமிக்கு இதயத்தில் பழைய அடைப்பு ஒன்று இருப்பதால், அந்த வகையில் அதிகம் சோதித்துப் பார்த்த மருந்தைத் தருவதாகச் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றும் படுகிறது.

4. இனி என் குற்றம். ஆய்வகத்தில் இருபத்தேழு வருடம் இருந்தவளுக்கு எதையும் வரைபடத்தாளில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். இருவருடைய எடையையும் ஒரே தாளில், எனக்குப் பச்சை மை, மாமிக்குச் சிவப்பு மை என்று குறித்து வந்தேன். கீழே ஊசி போட்ட நாளுக்கு ஒரு கட்டம். வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டின்போது "நேத்து போட்டீங்களா மாமி?" என்று கேட்பேன், அவர் தலையசைப்பார், நான் டிக் அடிப்பேன். பிப்ரவரி 19 முதல் ஜூலை 16 வரை இருபத்திரண்டு வியாழக்கிழமை, இருபத்திரண்டு டிக். முடிவில் பச்சைக் கோடு பதினொரு கிலோ இறங்கியிருந்தது. சிவப்புக் கோடு மூன்று கிலோ. கோடு அழகாக வந்த சந்தோஷத்தில் அந்தத் தாளை நானே கிளினிக் மேலாளரிடம் கொடுத்து, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்தும் போட்டேன். அதில் இன்னொருவர் உடம்பு இருக்கிறது, அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

5. ஆகஸ்ட் முதல் வாரம் அது ஆறடி உயரப் பலகையாகக் காத்திருப்புக் கூடத்தில் நின்றது. மேலே "இரண்டு பேனா, ஒரு கேள்வி: எது உங்களைக் குறைக்கும்?" என்ற தலைப்பு. நடுவில் என் வரைபடம். இருபுறமும் நாங்கள் முதல் நாள் சிகிச்சைக் குறிப்புக்காக எடுத்துக்கொண்ட புகைப்படங்கள். என் படத்தின் கீழ் பச்சையில் 11, மாமியின் படத்தின் கீழ் சிவப்பில் 3. அடையாளம் தெரியாதிருக்க இருவர் கண்ணிலும் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். மாமியின் மடிசாரும் இரட்டை மூக்குத்தியும் பட்டைக்கு வெளியேதான் இருந்தன. அந்தப் பட்டைக்குப் பின்னால் யார் என்று தெரியாதவர் ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் இல்லை, பெருமாளும் தெரிந்தும் தெரியாத மாதிரிப் படுத்திருக்கிறார் என்பது மாமியே சொன்னது. ஆனால் சிரித்துக்கொண்டு அதைச் சொன்னது பின்னாளில். பலகையைப் படம் எடுத்து அவருடைய நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்று அவர் சிரிக்கவில்லை.

6. அதற்குப் பிறகு அவர் கிளினிக் பக்கமே போகவில்லை. ஊசியையும் அடியோடு நிறுத்திவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நானோ வென்றவளின் பெருந்தன்மையோடு, பேசாமல் என் மருந்துக்கு மாறிவிடுங்கள் மாமி என்று, புடவைக் கடையில் நிறம் மாற்றச் சொல்வதுபோல, மூன்று முறை சொன்னேன். கடைசிப் படிக்கு வந்தும் எடை குறையவில்லை, மருந்தை மாற்றலாம் என்று மருத்துவரும் அவருடைய அட்டையில் எழுதியிருந்தார். என் வரைபடத்தை நம்பித்தான் எழுதினார்.

7. செப்டம்பர் 12ஆம் தேதி, வேளாங்கண்ணி போய்வந்த கையோடு மாமியைப் பார்க்கச் சென்றேன். முழங்கால் வலியால் எழுந்திருக்க முடியாமல், மோரை நீயே எடுத்துக் குடி என்றார். ஃபிரிட்ஜைத் திறந்தேன். மோர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், துணிப்பையில் சுற்றி, பிரிக்காத பேனா மூன்றும் பாதி தீர்ந்த பேனா ஒன்றும் இருந்தன. ஒரு பேனா நான்கு வாரத்துக்கு, அதுவரை வாங்கியது ஆறு. எனக்குக் கூட்டல் கழித்தல் வரும். இருபத்திரண்டு டிக்குக்கு அவர் போட்டுக்கொண்டது பத்தே ஊசி.

8. அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன், ஏனெனில் இந்த மனுவின் உயிர் அதில்தான் இருக்கிறது: "தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் காட்டிட்டு, பசிக்காத வயத்தோட பிரசாதத்த ஒதுக்கி வெக்கறது அபசாரம் டெல்பின். ஏகாதசின்னா எப்படியும் பட்டினி. அன்னிக்கு மட்டும் போட்டுண்டேன்." அதாவது ஊசி பசியைக் கொல்லும் என்று புரிந்துகொண்டு, பசி வேண்டாத நாளான ஏகாதசிக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டார். வாரத்துக்கு ஒன்று பதினைந்து நாளுக்கு ஒன்றாயிற்று. மருத்துவர் அவரை ஐந்தாம் படியில் வைத்து எண்ணிய மாதத்தில் அவர் உண்மையில் மூன்றாம் படியில்தான் இருந்தார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வாராவாரம் டிக் அடிக்க ஆசையாக வந்து நின்றாய், உன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை என்றார்.

9. ஐயா, கண்ணால் பார்க்காத அளவைக் குறிப்பேட்டில் எழுதிய மாணவிகளை நான் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். சிலர் அழுதிருக்கிறார்கள். அதே காரியத்தை இருபத்திரண்டு முறை நானே செய்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. நான் தொடங்கியது திருநீற்றுப் புதன் என்று மேலே எழுதினேன். அந்த நாற்பது நாளும் இறைச்சி இல்லை, இனிப்பு இல்லை, மாலையில் சிலுவைப்பாதை. என் பதினொன்றில் மருந்துக்கு எத்தனை, தவக்காலத்துக்கு எத்தனை என்று பிரிக்க எந்தத் தராசும் இல்லை. ஒருவர் முழு அளவு மருந்தும் விரதமும், இன்னொருவர் பாதி மருந்தும் பிரசாதமும். இதை ஒப்பீடு என்று எந்த ஆய்வகத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

10. மறுநாளே தொலைபேசியில் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விட்டுப்போன மருந்தை விட்ட இடத்திலிருந்து போட்டால் வாந்தி பாடாய்ப் படுத்தும் என்று, அதே செமாகுளூடைட்டை முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். மாமியிடம் அவர் சொன்னது: "பசியே இல்லாம போகணும்னு இந்த மருந்து இல்லைங்க மாமி. பசி அளவா இருக்கணும், அவ்வளவுதான். ஒரு கைப்பிடி பிரசாதம் தாராளமா இறங்கும்." அப்படியே ஆயிற்று. இப்போது தளிகை சின்ன உருளியில் ஆகிறது. மாமியின் கணவர் மட்டும் சாத்தமுது (ரசம்) பற்றவில்லை என்று முணுமுணுப்பதாகக் கேள்வி. ஏகாதசி உபவாசத்தையும் மருத்துவர் தடுக்கவில்லை, தண்ணீரும் மோரும் விடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 17 முதல் வியாழன்தோறும் மாலை நான் அம்மா மண்டபம் சாலைக்கு நேரில் சென்று, ஊசி போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே டிக் அடிக்கிறேன். பதினொரு வியாழன் ஆயிற்று. நான்கு கிலோ குறைந்திருக்கிறது. மூன்று கிலோ மருந்து என்று பலகை இன்றைக்கும் சொல்வது இந்த மருந்தைத்தான்.

11. பலகை இன்னும் அங்கேயே நிற்கிறது. திரு. ஜெயக்குமார் அவர்களிடம் நேரில் சென்று நடந்ததைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். தாளில் என் கையெழுத்து இருப்பதையும், வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதையும் சுட்டிக்காட்டி, பார்வையில் கண்டவாறு எழுத்தில் தரச் சொன்னார். அன்று அங்கே லால்குடியிலிருந்து வந்திருந்த விஜயராணி என்ற பெண்மணி, செமாகுளூடைட்டில் ஏழு கிலோ குறைந்து நன்றாக இருப்பவர், பலகையைப் பார்த்துவிட்டுத் தனக்குச் சிவப்புக் கோட்டு மருந்தைத் தந்து ஏமாற்றிவிட்டதாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஏற்றிவிடும்வரை அவரோடு பேசி, அந்தப் பச்சைக் கோடு நான்தான் என்று சொல்லியும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அச்சில் இருப்பதை அழிக்க வாய் போதாது என்று தெரிந்துகொண்டேன்.

12. ஆகவே தங்கள் சமூகத்தில் நான் கேட்டுக்கொள்வது:

அ) மேற்படி பலகையை அகற்ற உத்தரவிட வேண்டும். என் புகைப்படத்தையும் சேர்த்தே சொல்கிறேன். பச்சை எழுத்தில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

ஆ) இந்த ஊசிகளை எழுதும் இடங்களில், நோயாளி என்னென்ன விரதம், நோன்பு இருப்பவர் என்பதையும் அட்டையில் கேட்டு எழுதிக்கொள்ள அறிவுறுத்த வேண்டும். நாங்கள் பதிவு செய்த அதே வாரம் ரமலானும் தொடங்கியது. இந்த ஊரில் பசிக்கும் பசியின்மைக்கும் ஆளுக்கொரு நாட்காட்டி உண்டு.

இ) மருத்துவர் மீதோ செவிலியர் பிரான்சி மீதோ எந்த நடவடிக்கையும் வேண்டாம். மேலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவறான தாளைக் கொடுத்ததற்காக என் மீது நடவடிக்கை எடுக்க விதி இருந்தால் அதற்கு உடன்படுகிறேன்.

13. இறுதியாக, மனுவுக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றினாலும் ஒரு விவரத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்குத் திருப்பலி எட்டரைக்குத்தான் என்பதால், மாமியோடு அம்மா மண்டபம் சாலையிலிருந்து நடந்தேன். ராஜகோபுரத்தருகே ஒருமுறை உட்கார்ந்தோம், அவ்வளவுதான். அவர் விஸ்வரூப தரிசனத்துக்கு உள்ளே போனார். நான் அவருடைய செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே நின்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு போகிறவர், சீக்கிரம் வரமாட்டார் என்று தெரியும். ஒரு மணி நேரம் கழித்து, கண் கலங்கி, கையில் ஒரு தொன்னைப் பொங்கலோடு வந்தார். பாதியை என் கையில் வைத்தார். மீதியை அங்கேயே நின்று, அவசரமில்லாமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். "பசிச்சுது டெல்பின்" என்றார்.

வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் அன்று அவரைப் பரமபத வாசலில் பார்க்க வேண்டும், பலகையில் அல்ல. அதற்குள் தாங்கள் ஆவன செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 30.11.2026

இப்படிக்கு,
பலகையில் வென்றவளாக நிற்கும்,
(கி. டெல்பின்)

இணைப்பு:
1. கிளினிக்கின் பெயர், முகவரி.
2. பலகையின் புகைப்படம்.
3. திருத்திய வரைபடம், 17.9.2026 முதல். பார்த்து எழுதியது.

மேற்கண்ட அனைத்தும் உண்மை. என் எடை இம்முறை என்னைக் கேட்டுக்கொண்டுதான் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது.
(ரங்கநாயகி)