தண்டவாளத்துக்கு அந்தாண்ட

அன்பு மகள் மகிமாவுக்கு,

ராயபுரத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபமாலை சொல்லும்போது உன் பெயரை முதலில் வைக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், இன்னாப்பா, நம்ம தெருவாளுங்களோடவே உனுக்குச் சண்டையாமே, வீடியோ பார்த்தேன் என்று அழாத குறையாகக் கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தால் அம்மா குறுக்கே புகுந்து அவள் கதையைச் சொன்னாள், பிறகு சிக்னல் போய்விட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இருக்கும் பர்கன் ஊருக்குத் தபால் வர நாளாகும் என்றாலும் பரவாயில்லை, முழுசாய்த் தெரிந்துகொள்.

நம் தெரு முனை மைதானத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஈஸ்டர் முடிந்த கையோடு டேப்பும் கையுமாய் நாலைந்து பேர் வந்து அளந்தார்கள், சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டார்கள். என்ன சார் என்று கேட்டால் ஆர்டர் என்றார்கள், யார் ஆர்டர் என்றால் மேலிடம் என்றார்கள். டீக்கடைக்கு வந்த அவர்கள் டிரைவரிடம் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, இந்த வட்டாரத்துக் குப்பையெல்லாம் சின்ன வண்டியில் இங்கே கொண்டு வந்து கொட்டி, பெரிய லாரியில் மாற்றி ஏற்றும் இடமாக்கப் போகிறார்களாம். உனக்கே தெரியும், கல்யாணமோ சாவோ நமக்குப் பந்தல் போட வேறு இடம் கிடையாது. ஆம்புலன்ஸ் வந்தால் திரும்புவதும் அங்கேதான். உன் ஃப்ரெடி சித்தப்பா வீட்டு ஜன்னல் அந்த மைதானத்தைப் பார்த்துதான் திறக்கிறது, அவன் சின்ன மகள் ஜெமிமாவுக்கு வீசிங் வேறு. அவன் ராத்தூக்கம் போய்விட்டது.

மண்டல ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். ஒரு தடவை அதிகாரி மீட்டிங்கில், ஒரு தடவை அவர் லீவு, இன்னொரு தடவை உட்கார வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கடைசியில் பார்த்தபோது, பொதுமக்கள் கருத்தைக் கேட்டாச்சே, ஒருத்தரும் எதிர்க்கலையே என்றார். எப்போது கேட்டீர்கள் என்றால், ஒரு வேலை நாளில் காலையில் கூட்டம் போட்டார்களாம். பெண்கள் எல்லோரும் காசிமேட்டில் மீன் ஏலத்தில் நிற்கிற நேரம், ஆண்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம், தெருவில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. நாற்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான், கீழே ஆள் நிற்கிறானா என்று பார்க்காமல் ஒரு பெட்டியை இறக்கியதில்லை. இவர்கள் ஆள் இருக்கிறதா என்று பார்த்தே, ஆள் இல்லாத நேரத்தில் இறக்குகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை மகிமா.

பிறகு சாலை மறியல். அம்மாவும் சர்ச் அன்பியக் குழுப் பெண்களும் காலிக் கூடைகளோடு ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள், பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. கவுன்சிலர் ஓடி வந்தார், டிவிக்காரர்கள் வந்தார்கள். அந்த வாரமே நம் மைதானத்தில் திட்டம் கைவிடப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஃப்ரெடிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தான், அதை நான் மறுக்க மாட்டேன். பட்டாசு வெடித்தோம், மைதானத்திலேயே பிரியாணி போட்டோம், நீ கூட போட்டோ பார்த்து ஹார்ட் அனுப்பினாயே, அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் அம்மா காலையில் மீன் விற்கப் போனவள் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சங்கரா மீனும் காரப்பொடி மீனும் விற்காமல் அப்படியே இருந்தன. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மரவாடி லைனில் ஒருத்தரும் மீன் வாங்கவில்லையாம். மைமூன் தெரியும்தானே, டிங்கர் கடை ஷாகுல் ஹமீது பாயின் தங்கை, அம்மாவிடம் வாராவாரம் வாங்குகிறவள், அவள் கதவோரம் நின்றுகொண்டு, "இன்னாக்கா, உங்க தெரு குப்பைய எங்க வூட்டாண்ட தள்ளிட்டு, அப்பால எங்களுக்கே மீன் விக்க வர்றியா?" என்று கேட்டாளாம். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லையாம், அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பால்வாடியை ஒட்டிய காலி இடத்தில் நம் மைதானத்தில் நட்ட அதே கற்களைப் பிடுங்கிக் கொண்டு போய் நட்டிருந்தார்கள்.

ஷாகுல் பாய் கடையில் ஒரு காரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் சுத்தியலை நிறுத்தவில்லை. பிறகு அவரே, "இன்னாத்துக்கு வந்த யேசு? சோகம் விசாரிக்கவா?" என்றார். இல்லை பாய், எனக்குத் தெரியாது என்றேன். "உனுக்குத் தெரியாம இருக்கலாம். ஆனா ஆபீசரு எங்க கைல இன்னா சொன்னாரு தெரியுமா? இந்த எடம் சும்மா கீதுன்னு உங்க பக்கத்தாளுதான் காட்டிக் குடுத்தானாம். பால்வாடி இருக்கறது அவன் கண்ணுக்குத் தெரியலியா?" என்றார். கிளம்பும்போது அவரே சொன்னார், வெள்ளிக்கிழமை எங்களுக்கும் கூட்டம் வைத்திருக்கிறார்கள், வர்றதுன்னா வா, வந்து சும்மா நிக்காத என்று.

போனேன். அந்த வீடியோ அங்கே எடுத்ததுதான். அந்த அதிகாரி, முதலில் வேறு இடம் பார்த்தோம், அங்கே மக்கள் எதிர்ப்பு இருந்தது, அதனால் இங்கே வந்தோம் என்று ஏதோ மழை வந்தது என்று சொல்வது போலச் சொன்னார். நான் எழுந்து, எதிர்த்தது எங்க தெருதான் சார் என்றேன். "எங்க தெருவுல நாறும்னு வேணாம்னோம். இங்க வெச்சா மட்டும் மணக்குமா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்ப பழையபடி உங்க தெருவுக்கே கொண்டு வந்துடலாமா, சொல்லுங்க என்றார். நம் தெரு ஆட்கள் இரண்டு பேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். வேணாம் என்றால் அந்த மக்கள் முகத்தில் எப்படி விழிப்பது, சரி என்றால் நம் வீட்டுக்கு எப்படித் திரும்புவது. "கொண்டு வாங்க சார், பேசலாம். ஆனா எங்களத் தனியா இவங்களத் தனியா கூப்ட்டு கேக்காதீங்க. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா உக்கார வெச்சு, எல்லாரும் வர்ற நேரமாப் பாத்து கேளுங்க" என்றேன். நீ பார்த்த வீடியோவில் கொண்டு வாங்க சார் என்பதோடு வெட்டிவிட்டார்கள். மீதியை யாரும் போடவில்லை.

அதற்குள் நம் தெருவில் நான் துரோகியாகிவிட்டேன். பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்கார யோசிக்கிறார்கள். ஃப்ரெடி வீட்டுக்கே வந்து, "உனுக்கு இன்னா தலையெயுத்துண்ணா? நாங்க கஸ்டப்பட்டு தள்ளி வுட்டத நீயே போய் இஸ்துகினு வர்றே" என்று கத்தினான். அப்போதுதான் கேட்டேன், அந்த இடத்தைக் காட்டியது யார்ரா என்று. அவன் சட்டென்று அடங்கிவிட்டான். நான்தான் என்றான். ஜெமிமாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்த நாளில் ஆபீசுக்குப் போயிருக்கிறான். வேற எடம் சொல்லு, உடனே மாத்துறேன் என்று அந்த அதிகாரி கேட்டிருக்கிறார். இவனும் சொல்லிவிட்டான். "எம்பொண்ணு மூச்சு வாங்கிகினு கீது, நான் பால்வாடியப் பாப்பேனா?" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை மகிமா. குப்பையை எங்கே வைப்பது என்று யோசிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள், நோயாளிப் பிள்ளையின் தகப்பனிடம் கேட்டு இடம் பிடிக்கிறார்கள். பிறகு இரண்டு தெருவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தால் அவர்களை யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் ஃப்ரெடியும் நானும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

அதிகாரி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டவில்லை என்றதும் நாங்களே கூட்டினோம். ஷாகுல் பாயும் நானும் வீடு வீடாய்ப் போனோம். நேற்று மாலை மரவாடி லைன் பால்வாடியில்தான் கூட்டம். நம் தெருவிலிருந்து அம்மா கொஞ்சம் பெண்களைக் கூட்டி வந்தாள், ஆண்கள் ரொம்பக் கம்மி. வீடுகளே இல்லாத பக்கம் துறைமுக ரோட்டில் பாழடைந்த குடோன்கள் இருக்கின்றனவே, அதைக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஒவ்வொரு வட்டத்துக் குப்பையையும் அங்கங்கேயே பிரித்தால் இவ்வளவு பெரிய இடமே வேண்டாம் என்று பால்வாடி டீச்சர் சொன்னார். இரண்டையும் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒன்றாகப் போய்ச் சொல்வது என்று முடிவானது. அந்த நேரத்தில்தான் ஃப்ரெடி வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல், "அந்த எடத்தக் காட்னது நான்தான். ஆபீசரு கேட்டாரு, சொல்ட்டேன்" என்றான். மைமூன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "தெரியும்ணா. குந்து" என்றாள். அவ்வளவுதான். அவன் உட்கார்ந்தான். கூட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இதில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மனு கொடுத்தால் பரிசீலிக்கிறோம் என்பார்கள், அந்த வார்த்தையைக் கேட்டே நமக்கு வயதாகிவிட்டது. கற்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஆனால் இனிமேல் கூப்பிட்டால் ஒன்றாகத்தான் போவோம், அதை மட்டும் இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

உனக்கு இரண்டு விஷயம். தெரு வாட்ஸப் குரூப்பில் அப்பாவுக்காக நீ யாரோடும் வாதாடாதே, வீடியோவைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னொன்று, இந்த வாரமே சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு. நடந்ததைக் கேட்காதே. ஜெமிமாவோடு கொஞ்சம் பேசு, சித்தி கையால் ஒரு டீ குடிக்க ஆசையாய் இருக்கிறது என்று சொல், போதும். அங்கே குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மா பொடித்து அனுப்பிய மிளகை ரசத்துக்குப் போடு. உன் வீட்டுக்கு மேல் மாடிக்காரர்களோடு ஏதோ மனஸ்தாபம் என்றாயே, கதவைத் தட்டி நேரில் பேசிவிடு.

மரியன்னை உன் பக்கத்தில் இருக்கட்டும். எந்த ஊரில் இருந்தாலும் அக்கம்பக்கத்தாரும் நன்றாக இருக்க, அவர்களோடு நீயும் நன்றாக இருக்க வேண்டுமென்று உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். அம்மாவின் முத்தங்களும் இதில் சேர்ந்து வருகின்றன.

உன் அன்பு அப்பா,
யேசுதாஸ்