தாடைக்கட்டை அவிழ்க்காதே

ராயபுரம்,
ஐப்பசிக் கடைசி, 1956

சிரஞ்சீவி மருமகன் பாஸ்கருக்கு, ராயபுரம் பொய்யர் மகாசபையின் ஆயுட்காலத் தலைவரும் கல்மண்டபம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரையிலான கடற்காற்றுக்கு ஏகபோகக் குத்தகைதாரருமாகிய உன் மாமன் தாமோதரன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே உன் உடம்பையும், முக்கியமாக உன் தாடையையும் பற்றி அடுத்த கப்பலுக்கே எழுது. இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப் போகிறேன். அதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று கடல் மேல் சத்தியம் செய்து கொடுக்கிறேன். நீயும் நம்ப வேண்டாம், கடைசி வரைக்கும் படித்தால் போதும்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அந்தமான் காட்டில் யானை இழுத்துக்கொண்டு வந்த மரத்தின் சங்கிலி அறுந்து உன் முகத்தில் அடித்ததும், கீழ்வரிசையில் இரண்டு பல் போய் மூன்றாவது ஆடுவதும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் நிற்பதும், போர்ட் பிளேருக்குப் போகிற படகு இனி அடுத்த மாதம்தான் என்பதும், அதுவரை தாடை அசையக் கூடாதென்று முகாம் கம்பவுண்டர் மோவாய்க்கு அடியிலிருந்து உச்சந்தலைக்குத் துணி போட்டுக் கட்டியிருப்பதும் எல்லாம் தெரிந்துகொண்டேன். கூட வேலை செய்கிற நம்ம ஊர் ஆட்கள் இது பிணத்துக்குக் கட்டுகிற கட்டு, இதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கவில்லை என்று தள்ளி உட்காருகிறார்கள், அவிழ்த்துவிடலாமா மாமா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை வாய்க்குள் முழுங்கியிருக்க வேண்டும், உன் அம்மாவிடம் உரக்கப் படித்துத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து உன் அம்மா, என் அங்கம்மா அக்கா, அடுப்பு மூட்டவில்லை. அடைமழை வேறு, யாரும் கடலுக்குப் போகவில்லை, கட்டுமரமெல்லாம் கரையில் நனைந்து கிடக்கிறது, தெருவில் ஒரு சிரிப்புச் சத்தம் கிடையாது. நான் இதை எழுத எழுத அவள் பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "இன்னாடா தாமு, எயுதினியா? உசுரோட கீற புள்ளிக்கி எவன்டா வாய்க்கட்டு கட்னது? அவன் கையில கட்ட மொளைக்க! அவுத்து கடல்ல வீசச் சொல்லு, அம்மா சொல்லிச்சின்னு எயுது" என்கிறாள். எழுதிவிட்டேன் அக்கா என்கிறேன். படித்துக் காட்டச் சொல்கிறாள், அவள் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் படித்துக் காட்டுகிறேன். "நீ பட்சிக்கினு கீறது ஒண்ணு, உன் கை போறது ஒண்ணு மாரி கீதேடா" என்று சந்தேகம் வேறு. காகிதத்தில் இருப்பது, மருமகனே, ஒரே வார்த்தைதான். அவிழ்க்காதே. ஊராரின் வாய்க்குப் பயந்து அவிழ்த்திருந்தால் இதைப் படித்த கையோடு கம்பவுண்டரிடம் போய் மறுபடி கட்டிக்கொள்.

பக்கத்துத் தெரு ஆலிஸம்மாவை மறந்திருக்கமாட்டாய், ஆஸ்பத்திரி நர்ஸ், அம்மை ஊசி போட வந்தபோது நீ கடித்து வைத்தாயே அந்தக் கைக்குச் சொந்தக்காரி. உன் கடிதத்தை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மிஸ்டர் தாமோதரன், உங்க கப்சாவைக் கலக்காம நான் சொல்றதை மட்டும் எழுதுங்க" என்று முதலிலேயே வாயை அடைத்துவிட்டாள். கட்டு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கக் கூடாதாம், முடிச்சை உச்சந்தலையில் ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்காகப் போட்டுக்கொள்ள வேண்டுமாம், ஏனென்றால் படகில் குமட்டிக்கொண்டு வந்தால் வாய் கட்டியிருக்கிறவனுக்கு அதுவே எமன், அப்போது மட்டும் இழுத்துவிட்டு முன்னால் குனிந்து வாந்தியெடுத்து வாயைக் கழுவித் திரும்பக் கட்டிக்கொள். ரத்தமோ எச்சிலோ ஊறினால் விழுங்காதே, மல்லாந்து படுக்காதே. கஞ்சியை வடித்துப் பப்பாளித் தண்டு வைத்துப் பல் போன சந்து வழியாக உறிஞ்சு, ஒவ்வொரு வேளையும் கொதித்து ஆறின உப்புத் தண்ணீரை வாயில் மெல்ல விட்டு வடியவிடு. ஆடுகிற பல்லைக் குறடு வைத்துப் பிடுங்கித் தருகிறேன் என்று முகாமில் ஒரு மகானுபாவன் கட்டாயம் இருப்பான், அவனை அண்டவிடாதே, பல்லோடு தாடையும் வரும். எருக்கம்பால் வேண்டாம், புகையிலை அடக்க வேண்டாம், உன் அம்மா சொல்லச் சொன்ன சுடுமணல் ஒத்தடமும் வேண்டாம். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ மாதப் படகைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, மேஸ்திரி காலில் விழுந்தாவது கிடைத்த தோணியில் ஏறிப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்.

இனி என் சொந்தச் சரக்கு, ஆலிஸம்மா பொறுத்துக்கொள்ளட்டும். யுத்த காலம், பட்டணத்தில் விறகுக்குப் பஞ்சம். உன் நைனாவும் நானும் ரோஷன் பாயின் விறகுப் படகில் கூலிக்குச் சேர்ந்து, கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரியைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டா காட்டுக்குப் போனோம். அந்தக் காட்டுக் கொசுக்கள் எங்கள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய், எண்ணெய் போதவில்லை என்று திரும்பக் கொண்டுவந்து வைத்தன. காட்டுப்பன்றி ஒன்று, ராயபுரம் ஸ்டேஷன் எஞ்சினைவிட ஒரு பிடி உயரம், அடுக்கியிருந்த விறகை முட்ட, ஒரு அடிமரம் உருண்டு வந்து உன் நைனாவின் மோவாயில் இடித்தது. தெறித்த பல் ஏரியில் நின்ற பூநாரையின் மண்டையில் பட்டு, அது இன்றைக்கும் ஒற்றைக்காலில் நின்று யார் அடித்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அவர் போட்ட சத்தத்தில் நெல்லூர் முழுக்கப் பால் திரிந்துபோனது. டாக்டர் வேண்டுமென்றால் ஏரிக்கு அக்கரை, காற்றோ எதிர்க்காற்று. ரோஷன் பாய் "ஆட்டாதே தோஸ்து, ஆட்டாதே" என்று தன் தலைப்பாகையை அவிழ்த்துத் தாடையைத் தூக்கிக் கட்டினார், இப்போது உனக்கு இருக்கிறதே அதே கட்டு. கோல் ஊன்றிப் படகு தள்ளுகிற ஆட்கள் விடுவார்களா. "இன்னா பாய், வெறகு ஏத்த வந்துட்டு பொணத்த ஏத்திகினு போறோமா" என்றான் ஒருத்தன். "வாய்க்கரிசி போடலாம்னா மன்சன் வாயத் தொறக்க மாட்டேங்கறாரே" என்றான் இன்னொருத்தன். உன் நைனா சிரிக்க வாயில்லாமல் கண்ணாலேயே சிரித்தார். அவருடைய மௌனத்தைக் கேட்கக் கால்வாய்க் கரை நெடுகிலும் நண்டுகள் வரிசையாக நின்றன. எண்ணூர் வந்ததும் கரையில் முறுக்கு சுடுகிற வாசனை தாங்காமல் கட்டை அவிழ்த்தெறிந்து அவர் விட்ட கொட்டாவியில் ஒரு டஜன் கட்டுமரம் ஆந்திராவுக்குப் போய்விட்டது. சின்னப் பிள்ளையாக இந்த இடத்தில் நீ கை தட்டுவாய்.

இந்த இடத்துக்குப் பிறகு உனக்குக் கதை சொன்னதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடியது உனக்கே தெரியும். காட்டு ஜுரத்தில் போனார் என்று ஊர் சொன்னது, உன் அம்மா இன்னமும் அதைத்தான் நம்புகிறாள். ஜுரம் வந்தது வாஸ்தவம். ஆனால் அது தாடை வழியாக வந்தது. எலும்பு நகர்ந்து, சீழ் கட்டி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே போகாமல்தான் மனிதர் போனார். கட்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆலிஸம்மாவைக் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றாள். மூலக்கொத்தளம் மயானத்துக்குத் தூக்கும் முன்னால் எப்படியும் அதே மாதிரிக் கட்டைத்தான் கட்டினார்கள். அன்றைக்கு ஒருத்தரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

உனக்கு நூறு வயசும் முப்பத்திரண்டு பல்லும் (போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) கடல் தாயும் திருவொற்றியூர் அம்மனும் கொடுக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், பதில் எழுதும்போது அம்மாவுக்கென்று தனித்தாளில் கட்டை அவிழ்த்துவிட்டேன், சௌக்கியமாயிருக்கிறேன் என்று எழுது. எழுதாவிட்டாலும் குற்றமில்லை, படித்துக் காட்டுகிறவன் நான்தானே. அவள் இரண்டு கவளம் சாப்பிடட்டும், பொய் என் தலையில் கிடக்கட்டும்.

நான் சொன்ன கதையில் பன்றி இல்லை, பூநாரை இல்லை, முறுக்கும் கொட்டாவியும் இல்லை. உருண்ட அடிமரமும் பாய் கட்டிய கட்டும் போக, ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். எண்ணூரில் உன் நைனா தன் கையாலேயே கட்டை அவிழ்த்தார். மடித்து ரோஷன் பாயிடம் கொடுத்தார். இன்னா மச்சான், இன்னா பண்றே என்று நான் கத்தினேன். காட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், உடைந்த தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு சொன்னார், "அங்கம்மா பார்த்தா பயந்துக்கும்டா" என்று.

இப்படிக்கு,
உன் மாமன்
தாமோதரன்