காலி என்று நான் கட்டம் போட்ட இடம்

சூடான ஜெராக்ஸ் தாளுக்கு ஒரு வாசனை உண்டு, லேசாகக் கருகிய அப்பளம் மாதிரி. போன வெள்ளிக்கிழமை அடையாறு டெப்போ பக்கத்துச் சந்தில் நம் கடைக்காரர் தாளை உருவிக் கொடுத்ததும், படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதை மூக்கருகே கொண்டுபோனேன். நீ செய்வதைத்தான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மேடம், ரொம்ப நாளா ஒண்டியாவே வர்றீங்க? அந்தக்கா ஊர்ல இல்லியா?"

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான், இத்தனை நாளும் தட்டிக்கழித்திருக்கிறேன். சொன்னேன். அவர் இயந்திரத்தின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

நம் வேலையைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ராத்திரியெல்லாம் கண் முழிப்பீங்களா?" தொலைநோக்கி பாட்டுக்கு விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் காலை பத்து மணிக்கு வந்து, காபி குடித்து, அது அனுப்பிய படங்களைத் திரையில் மேய்ந்துவிட்டு, ஐந்தரைக்கு பஸ் பிடிக்கிற ஜென்மங்கள். அதிலும் நாம் தேடியது யாரும் அதிகம் சீண்டாத ரகம், மங்கலான சுருள் கேலக்ஸிகள். நட்சத்திரங்களுக்குக் குறைவில்லை, ஆனால் பரந்து விரிந்து கிடப்பதால் வெறும் வானத்தைவிட ஒரு பிசிறுதான் வெளிச்சம் கூடுதலாக இருக்கும். நடுவிலிருந்து வளைந்து நீளும் சுருள் கைகள் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்.

அதைப் பார்க்க நீ ஒரு வழி வைத்திருந்தாய். கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாக மாற்றி அச்சிட்டு, சுவரில் ஒட்டிவிட்டு, வராந்தாக் கோடி வரை பின்னாலேயே நடந்துபோவாய். போகிற வருகிறவர்கள் மீது இடித்துக்கொள்வாய். "கிட்ட நின்னா புள்ளி புள்ளியாதான் தெரியும் மச்சி. எங்க நைனா கரையில நின்னுகினே மீன் கூட்டம் எங்க கீதுன்னு சொல்லும். ஒண்ணு ஒண்ணா எண்ணுச்சா இன்னா?" என்பாய். பட்டினப்பாக்கத்திலிருந்து கிளம்பி வானியலில் முனைவர் பட்டம் வாங்கிய நீ அப்பாவின் தொழிலைத்தான் செய்துகொண்டிருந்தாய் என்று நான் கிண்டல் செய்வேன். நீ மறுத்ததே இல்லை.

அலுவலக பிரிண்டரில் கறுப்பு மை இருந்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிடைத்த ஒரு பிரதியை நகலெடுக்கத்தான் அந்தக் கடை. முதல் தடவை போனபோது என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? மனிதர் மிஷின் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். "மிஷின்ல அழுக்கு இல்ல மேடம், உங்க ஒரிஜினல்லயே கறை கீது. நா கிளீன் பண்ணிக் குடுத்துட்றேன்" என்று மையைக் குறைத்து, பளிச்சென்று ஒரு தாள் தந்தார். அதில் நாலைந்து நட்சத்திரங்கள்தான் மிச்சம். நம் கேலக்ஸியைக் காணோம். எனக்குக் கோபமான கோபம். நீ சிரித்த சிரிப்பில் டெப்போ வாசலில் நின்றவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் அதே காரியத்தை நான் செய்தேன்.

விண்வெளியிலும் வானம் முழுக் கறுப்பு இல்லை. எங்கும் ஒரு மெல்லிய வெளிச்சம் படிந்திருக்கும். ஒன்றுமே இல்லாத ஓர் இடமாகப் பார்த்து, கட்டம் போட்டு, அங்குள்ள வெளிச்சத்தை அளந்து, மொத்தப் படத்திலிருந்தும் கழிக்க வேண்டும். நான் கட்டம் போட்ட இடத்தில் கேலக்ஸியின் ஒரு கை இருக்கிறது, கழித்தால் அதுவும் அழிந்துவிடும் என்றாய். பக்கத்திலிருக்கும் பெரிய நட்சத்திரத்தின் ஒளி சிதறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன் நான். நீ தாளில் பேனாவால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று கைகளை வரைந்து காட்டினாய். "ரெண்டுமே சிதறல்தான். ஆசைய வெச்சுண்டு பார்த்தா எல்லாந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். எங்காத்துப் பேச்சு கோபத்தில்தான் எனக்கு வாயில் வரும். நீ நிதானமாகச் சொன்னாய்: "நீயும் அந்த ஜெராக்ஸ் அண்ணாவும் ஒரே தொழிலு. கறைன்னு சொல்லித் தொடச்சி வுட்றீங்க."

மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் நீதான் வந்து பேசினாய். நான் வந்திருக்க வேண்டும். கட்டுரை "கைகள் இல்லை" என்றே வெளிவந்தது. முதல் பெயர் என்னுடையது, அடுத்தது உன்னுடையது. எனக்காகத்தான் ஒத்துக்கொண்டாய். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அதே இடத்தை இன்னும் நீண்ட நேரம் படமெடுக்கச் சொல்லி நீ விண்ணப்பம் எழுதினாய். கையில் ஊசி குத்தியிருந்ததால் ஒற்றைக் கையால் தட்டினாய். "நா இல்லாங்காட்டியும் படம் வரும்ல? வந்தா கட்டத்தத் தள்ளிப் போடு மச்சி. ரொம்பத் தள்ளி."

வந்தது. தள்ளித்தான் போட்டேன், படத்தின் மூலைக்கே போய். பிறகு சுவரில் ஒட்டிவிட்டு வராந்தாக் கோடிக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. இடது பக்கக் கை இருக்கிறது. நான் காலி என்று கட்டம் போட்ட இடத்தின் குறுக்கே, அரைச் சுற்று நீளத்துக்கு. வலது பக்கம் நீ வரைந்தது வெறும் சிதறல் வெளிச்சம்தான், அதில் நான் சொன்னதே சரி. இதைச் சொல்லி உன்னிடம் வம்பிழுக்க முடியவில்லையே என்று வராந்தாவில் நின்றே அழுதேன்.

புதுக் கட்டுரையில் ஓரமாக ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார்கள் அலுவலகத்தில். எனக்கு அது போதவில்லை. தனியாகவே திருத்தம் எழுதி அனுப்பினேன்: காலி வானம் என்று முதல் ஆசிரியர் கழித்தது கேலக்ஸியின் கை, இணை ஆசிரியர் இதை அப்போதே சுட்டிக்காட்டினார். இப்போதெல்லாம் எந்தப் படத்திலும் கட்டம் போடுவதற்கு முன் எழுந்து ஒருமுறை வராந்தாவுக்குப் போய்வருகிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை புதுப் படத்தின் அந்த ஜெராக்ஸ் தாளோடு கடையிலிருந்து நேராகப் பட்டினப்பாக்கம் போனேன். உன் அம்மா மீன் கடையில் உட்கார்ந்திருந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, கண்ணருகே வைத்து, நீட்டிப் பிடித்து, திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெர்ல. நீ புடிச்சிக்கினு அப்டி தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.

"இன்னும் போ. இன்னும்."

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கச் சுவர் முதுகில் இடிக்கும்வரை போனேன்.

"ஆங், கீது! லெஃப்டு பக்கம் வளைஞ்சிகினு போவுது!" அங்கிருந்தே கத்தினார். "இதத்தானே அவ அன்னிக்கே சொன்னா? நீ ஏம்மா அப்பவே கேக்கல?"

"கேட்டிருக்கணும்மா" என்று நானும் கத்தினேன்.

"சரி வுடு. அதான் இப்ப வந்துகீறல்ல."

நடுவில் ஒரு பஸ் போனது. அது போன பிறகும் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நான் தாளை இறக்கவில்லை.