பின்னால் இருப்பவன்

மயூர் விஹார், டெல்லி
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய தங்கம் அம்மாவுக்கு,

ஆரிப் எழுதுகிறேன். நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கும்பகோணத்தில் மழை விட்டுவிட்டதாக அப்பா போனில் சொன்னார். இங்கே பனியும் புகையும் சேர்ந்து எதிர் வீடுகூடத் தெரியவில்லை. நான் அதே நொய்டா ஆபீஸில்தான் இருக்கிறேன்.

வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். பிரசன்னாவின் உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்று, "வண்டி ஓட்டினவன் பேரை இனிமே என் காதுல போடாதே" என்றீர்கள். இதுவரை போடவில்லை. இன்று அவனைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் என்றால் பேரைக் கேட்டதுமே வைத்துவிடுவீர்கள். கடிதத்தைக் கோபத்தில் மூலையில் போட்டாலும் என்றாவது எடுத்துப் படிப்பீர்கள்.

சந்திரமௌலி என்னோடுதான் இருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் இருந்த மாடி வீட்டை விட்டுவிட்டோம். இப்போது தரைத்தளத்தில் ஒரு வீடு. அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு வரவில்லை, இனி வராது என்கிறார்கள். கரூரிலிருந்து அவன் அப்பா வந்து எவ்வளவோ கெஞ்சினார். ஊருக்குப் போக மாட்டேன் என்றுவிட்டான். ஏன் என்று நான் கேட்டதற்கு, பிரசன்னா இங்கேதானே இருக்கிறான் என்றான்.

ஆஸ்பத்திரிக்கும் உடற்பயிற்சிக்கும் நான்தான் அவனைக் கூட்டிப்போகிறேன். இத்தனை வருஷம் இருந்தும் இந்த ஊர் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. பைக் ஏறக்கூடாதென்று நடைபாதையில் கம்பி நட்டிருக்கிறார்கள், அதில் சக்கர நாற்காலியும் நுழைவதில்லை. ரோட்டில் இறங்கித் தள்ளினால் பின்னாலேயே ஹாரன். பாதி ஆட்டோக்காரர்கள் நாற்காலியைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். யாராவது நின்றால் அவனைத் தூக்கி உட்காரவைத்து, நாற்காலியை மடித்து அவன் மடிமேலேயே வைப்பேன். மெட்ரோ பரவாயில்லை, ஊழியர் ஒருவர் கூடவே வந்து ஏற்றிவிடுவார்.

இதெல்லாம் பழகிவிட்டது அம்மா. பழகாதது ஒன்றுதான். நான் பின்னால் நின்று தள்ளுவதால் அவனுக்கு என் முகம் தெரியாது. நெரிசலில் போகும்போது திடீரென்று, திரும்பாமலே, "பிரசன்னா, நல்லா புடிச்சுக்கோ" என்பான். ஆரம்பத்தில், நான் ஆரிப்டா என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் அவன் தோள் இரண்டும் தொய்ந்துவிடும். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன், மேடு ஏறும்போது சில நாள் நாற்காலி தானாகவே லேசாகிவிடும். கைப்பிடியில் என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருப்பதுபோல் எனக்கே தோன்றியிருக்கிறது. குனிந்து பார்க்க மாட்டேன்.

பைக்கிலிருந்து விழுந்த பிறகு நடந்தது எதுவுமே அவனுக்கு நினைவில்லை. போன ஞாயிறு, அந்த இடத்துக்குக் கூட்டிப்போ என்றான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மோதி பாக் பக்கம் மெட்ரோவில் இறங்கினோம். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். மேலே போகும் பாலத்துக்குப் படிக்கட்டுதான். சிக்னல் வரை சுற்றி, பனியில் விளக்குப் போட்டு வரும் வண்டிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனேன். நாற்காலியின் கையை அவன் இறுகப் பிடித்திருந்தான். நான் அவன் தலையை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒன்றுமே இல்லை. புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் நின்றோமோ, மரத்தடியில் துணி இஸ்திரி போடும் ஓர் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். சந்திரமௌலியின் முகத்தைக் குனிந்து பார்த்து, அன்றைக்கு வண்டியில் வந்த பையன்தானே நீ என்று ஹிந்தியில் கேட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். லாரி இடித்த பிறகு ஒரு கார் நின்றதாம். அதில் ஒருவரைத்தான் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியும். பிரசன்னாவுக்கு நினைவு இருந்திருக்கிறது. எல்லோரும் முதலில் அவனைத்தான் தூக்கப் போனார்கள். அவன் அந்தக் கைகளைத் தள்ளிவிட்டு, "பெஹ்லே உஸ்கோ, பெஹ்லே உஸ்கோ" என்று சந்திரமௌலியைக் காட்டிக்கொண்டே இருந்தானாம். முதலில் அவனைக் கொண்டுபோங்கள் என்று. கார் போனபின் ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை இந்த அம்மாள்தான் மடியில் வைத்திருந்தார். ஏதேதோ பேசினானாம். நம் பாஷை அவருக்குப் புரியவில்லை. அம்மா என்றது மட்டும் புரிந்தது என்றார்.

உங்கள் பிள்ளை ரோட்டில் தனியாகக் கிடக்கவில்லை. இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாகத் தவித்தேன்.

சந்திரமௌலி அழவில்லை. திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, என்னை முன்னால் வரச் சொல்லி, முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "நான் போயிருக்கணும், அவன் இருந்திருக்கணும்னு அம்மா நினைக்கறாங்க. அது நியாயம்தான். ஆனா அவன் என்ன சொன்னான்னு நான் நேர்ல போய் அவங்களுக்குச் சொல்லணும்."

அன்றிலிருந்து அவன் பிரசன்னாவைக் கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லி என்னைத்தான் கூப்பிடுகிறான். ஆனால் மேட்டில் ஏற்றும்போது நாற்காலி முழுசாகக் கனக்கிறது அம்மா. இப்போது பக்கத்தில் யாருமில்லை. எனக்குத்தான் அது தாங்கவில்லை.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை வருகிறோம். சென்னை வரை ரயில், அங்கிருந்து கார் பேசியிருக்கிறேன். அவன் வருவது உங்களுக்கு வேதனை என்று தெரியும். சம்மதம் என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் படிகள் உண்டு. அன்றைக்குக் காலையில் அதன்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், அது போதும். தெருமுனையிலிருந்தே பார்த்துவிடுவேன். பலகை இல்லையென்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறோம். அதனால் உங்கள் மேல் இருக்கும் பாசம் குறையாது.

பலகை கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் அம்மா.

உங்கள் பிள்ளைகளில் ஒருவனான,
ஆரிப்