வாரோம் என்று சொன்ன கல்லூரி

8 ஜூலை 1963, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மேஜையில் தாள் நிற்கவில்லை; பூட்டை வைத்து எழுதினேன். இன்றைய வேலை: சைக்கிள் பின் டயர். பத்திரிகைக்கு வாழப்பாடி சந்தைச் செய்தி. மூக்குக்கண்ணாடிக்குக் கால்.

மூன்றும் நடக்கவில்லை. ஸ்டீபன் வந்தார். நம் மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவர், சங்ககிரிக் கல்லூரியில் (இனி ச.க.) பிசிக்கல் டைரக்டர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

விஷயம் இது. கல்லூரிப் போட்டிகளில் ச.க. இதுவரை மேற்கு வட்டாரம். எல்லா ஆட்டமும் கோவையில். இவர்கள் ஆடுகளத்துக்கு ஒரு வெளியூர் அணிகூட வந்ததில்லை; தரை சரியில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரே பதில். அதனால் சேலத்தை ஒட்டிய கிழக்கு வட்டாரத்துக்கு மாற முடிவு. சனிக்கிழமை தாளாளர் நல்லமுத்துக் கவுண்டர் கோவைக் கமிட்டிக்கு நேரில் போய்க் குறைகளை எடுத்துச் சொன்னார். பிறகு எழுந்து கும்பிட்டு, "அப்ப நாங்க வாரோமுங்க" என்று விடைபெற்றார்.

கமிட்டிச் செயலாளர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். வாரோம் என்றார்கள், ஆகவே இந்த ஆண்டும் வருகிறார்கள். ஆட்ட அட்டவணையில் ச.க. பெயர் ஏறிவிட்டது.

சிரித்துவிட்டேன். ஸ்டீபன் சிரிக்கவில்லை.

செயலாளர் வெளியூர்க்காரர் என்றால் சரி. பவானிப் பக்கத்து ஆள். தினமும் வீட்டில் வாரேன் என்று சொல்லித்தான் ஆபீசுக்குக் கிளம்புவார். அதற்காக அன்று முழுக்க வீட்டில் இருக்கிறாரா என்ன.

11 ஜூலை, வியாழன்

டயர் மாற்றியாயிற்று. கண்ணாடிக் கால் இன்னும் நூலால் கட்டியபடிதான்.

ஸ்டீபனுக்காகக் கிழக்கு வட்டாரத் தலைவரைப் பார்த்தேன். நல்ல காபி. ச.க. வந்தால் மகிழ்ச்சி, ஆனால் மேற்கு விடுவித்த பிறகுதான் சேர்க்க முடியும் என்றார். கோவைக்கு டிரங்க் கால் போட்டு, கிடைக்கும்வரை தபாலாபீஸ் வராந்தாவில் நடை. செயலாளரின் பதில்: போகிறோம் என்று யாரும் சொல்லாதபோது எதை விடுவிப்பது? கடிதம் செல்லாது. தாளாளரோ அணித் தலைவரோ கமிட்டி முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜூலை முடிந்தால் இந்த ஆண்டு மேற்கிலேயேதான். ஆட வராவிட்டால் தடை.

இருவரும் மிக மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் எரிச்சல்.

திங்களன்று ஸ்டீபன் சொல்லாமல் விட்ட இன்னொரு விதியையும் செயலாளரே சொன்னார். வட்டாரம் மாறும் கல்லூரி முதல் ஆண்டு எங்கும் ஆட முடியாது. ச.க. கைப்பந்து அணித் தலைவன் செங்கோடன், இடது கைக்காரன், கடைசி ஆண்டு மாணவன். இந்த முறை பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள் என்று பேச்சு. அந்த அணியில் ஆடியவர்களை ரயில்வேயில் கூப்பிட்டு வேலை தருகிறார்கள். கல்லூரி வட்டாரம் மாறினால் அவனுக்கு அந்த வழி அடைபட்டது. கவுண்டர் வாயைத் திறக்காமல் இருந்தால் ஆடலாம்.



14 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலில் ஸ்டீபன்.

"அண்ணே, கவுண்டர் அந்த வார்த்தையச் சொல்லாமலே இருந்துட்டா நல்லதுன்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன்."

"ஒரு நிமிஷமா?"

"ஒரு வாரமா."

பகல் பஸ்ஸில் சங்ககிரி. புழுதி, பல்லிலெல்லாம் மண். ஆடுகளத்தைப் பார்த்தேன். மாணவர்களே பாறையை உடைத்து, ஏரி மண் சுமந்து நிரவிய தரை. சரியில்லை என்று சொல்ல என்ன இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை.

கவுண்டரைச் சந்தித்தது அவருடைய லாரி ஷெட்டில். நிலமும் லாரியும் உள்ளவர். பெரிய மனிதர், மெதுவான பேச்சு. கோவைக்கு இன்னொரு முறை போய்ப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றேன். ஷெட்டில் நின்ற டிரைவரைக் காட்டினார்.

"இவன் வண்டி எடுக்கையில வாரேன்னுதானுங்க சொல்லுவான். போறேன்னு சொன்னான்னா கிளீனர் கீழ எறங்கிக்குவான். ஒரு காலேசையே வச்சுக்கிட்டு நான் அதச் சொல்றதுங்களா? அதுவும் ஆடி பொறக்கப் போகுது."

டிரைவர் ஆமாங்க என்றான். கேட்காமலே.

20 ஜூலை, சனி

கோவை. சங்ககிரியில் கவுண்டர், ஸ்டீபன், செங்கோடன் மூவரும் என் ரயில் பெட்டியில் ஏறினார்கள். பையன் ஒல்லி, உயரம். சன்னலோரம் போய் உட்கார்ந்து இடது உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே வந்தான்.  நான் அடிக்கடி எழுந்து கதவுக்கும் இருக்கைக்கும் நடந்தேன்.

கமிட்டியில் கவுண்டர் சுற்றிச் சுற்றிச் சொன்னார். எங்கள் பையன்கள் இனிக் கிழக்கே ஆடட்டும். உங்களுக்கும் சிரமம் வேண்டாம். இத்தனை நாள் வைத்திருந்ததற்குச் சந்தோஷம். செயலாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அது சரீங்க, போறீங்களா, வாரீங்களா? ஒண்ணச் சொல்லுங்க" என்றார்.

கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்த வார்த்தைய வாயில வரவைக்காதீங்க சாமி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளர் அடுத்த விஷயத்துக்குப் போகக் கையைத் தூக்கினார்.

செங்கோடன் எழுந்தான். "போறோமுங்க."

செயலாளர் அவனையே பார்த்தார். அவருக்கு அவன் ஆட்டம் தெரியும். தம்பி, உனக்குத்தான் நஷ்டம், தெரியுமா என்றார். குரலில் இந்த முறை கள்ளம் இல்லை.

"தெரியுமுங்க. போறோமுங்க."

இரண்டாம் முறை சொல்ல வேண்டிய தேவையே இல்லை. விடுவித்தார்கள்.

திரும்பும் ரயில். ஈரோட்டில் இறங்கிப் போன கவுண்டர் இலையில் வடையும் டீயும் வாங்கி வந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டீபன் கண்ணை மூடியிருந்தார். தூக்கம் இல்லை, தெரியும்.

ஏன் சொன்னாய் என்று பையனைக் கேட்டேன். கேட்பதுதான் என் வேலை. இருந்தாலும் கேட்டது பிடிக்கவில்லை.

"மண்ணு சுமந்தமுங்க. ஒருத்தராச்சும் அங்க வந்து ஆடோணும்ல."

22 ஜூலை, திங்கள்

காற்று குறையவில்லை. சமையலறைச் சன்னல் கொக்கி பிடுங்கிக்கொண்டது.

கவுண்டரிடமிருந்து ஆள் வந்தான். போகிறோம் என்று தான் சொன்னதாகப் பத்திரிகையில் வரக் கூடாதாம். பின்னாலேயே செங்கோடன் ஸ்டீபனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவன் சொன்னதாகவும் வரக் கூடாது, அவன் அம்மாவுக்கு ஆகாது.

எழுதியது: "விலகும் முடிவு கல்லூரியின் சார்பில் தெரிவிக்கப்பட்டது." தப்பில்லாத வாக்கியம்.  சென்னைத் தலைமை ஆபீசில் அதையும் வெட்டி, வட்டார மாற்றம் என்று ஓரத்தில் நாலு வரி போட்டுவிட்டார்கள்.

10 ஆகஸ்ட், சனி

கோவை. மேற்கு வட்டாரக் கைப்பந்து, முதல் நாள். மேகமூட்டம், மழை இல்லை. ச.க. பெயர் இருந்த இடத்தில் பொள்ளாச்சி அணி ஒன்று. கூட்டம் சுமார்.

இரண்டாம் ஆட்டத்தின்போது எல்லைக் கயிற்றோரம் செங்கோடன். தனியாக. கவுண்டர் லாரி ஒன்று பஞ்சு ஏற்றிக்கொண்டு வந்ததாம், அதில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். சட்டையில் பஞ்சு. ஏன் வந்தாய் என்று இந்த முறை நான் கேட்கவில்லை. அவனே சொன்னான், சும்மாதானுங்க என்று. பிறகு ஆட்டக்காரர்களைக் காட்டி, யார் முன்னாலேயே குதித்துவிடுகிறான், யாருக்குத் தோள் வலி, எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். நான் குறித்துக்கொண்டேன்.

கடைசி செட்டில் ஒரு பந்து தடுக்க எழுந்த கைகளில் பட்டுக் கயிற்றைத் தாண்டி வந்தது. எட்டிப் பிடித்தான். இடது கையால் தரையில் ஒரு தட்டு. உள்ளே ஆடுகிறவர்களில் இருவர் அவனை அடையாளம் கண்டு சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சர்வீஸ் போடப் பந்தை மேலே தூக்கப்போகிறவன் போல ஓர் அடி பின்வாங்கினான்.

நடுவர் விசில் ஊதிக் கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டான்.