குற்றம் குறைந்த ஊரிலிருந்து

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், வாசல் கிரில் பூட்டும் நலமோ நலம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடிப் பிடித்து எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் எங்கே பேசுவது? போன ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊருக்கே வேலைக்கு வந்துவிடட்டுமா, நீ என்ன சொல்கிறாய் என்று என்னையும் கேட்டாயே, அப்பா சொல்வதுதான் சரி, வந்துவிடு என்று சொன்னேன். சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அப்பா என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நூலகத்துக்குப் போயிருக்கிறார். உன் ஊர்ப் பத்திரிகையும் நம் ஊர்ப் பத்திரிகையும் அங்கே வருகின்றன. இரண்டையும் அருகருகே விரித்து, அங்கே எத்தனை திருட்டு, இங்கே எத்தனை அடிதடி என்று பார்த்து வருவதுதான் ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு உத்தியோகம். இரண்டும் காலேஜை நம்பிப் பிழைக்கிற ஊர், ஜனமும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் ஒப்பிடுவதில் தப்பே இல்லை என்கிறார். நம் ஊரைவிட உன் ஊரில் குற்றம் மூன்று மடங்காம். தட்டில் சாப்பாடு விழுவதற்கு முன்னால் இந்தக் கணக்கு வந்து விழுகிறது. உன் ஊரில் ஒரு சைக்கிள் காணாமல் போய்விட்டால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருடினவனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது. நீ அந்த லேப் வேலையை விட்டுவிட்டு இந்தக் காலேஜில் சேர்ந்து, நம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பாடும். மாதக் கடைசிக்குள் நீ காலேஜுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டதும் மாடி ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடித்துவிட்டார். உன் அறைக்குத் தனிப் பூட்டு வாங்கியாயிற்று. சாவி யாரிடம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னுடைய கதையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பின் தெருவில் எவனோ ஒரு அம்மாவின் செயினை அறுத்தான் என்று, மறுநாளே அப்பா கடையிலிருந்து என் தையல் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. என் கடைக் கூட்டாளி ஊசி, அதுதான் அந்த ஒல்லிக்குச்சி, கம்பி வழியாகத் துணியை நீட்டுகிறாள், நான் தைத்துக் கம்பி வழியாகவே நீட்டுகிறேன். ஒருநாள் அவள் கூட்டிவந்த ஒரு பெண்ணுக்குக் கம்பிக்கு வெளியே கையை விட்டு இடுப்பளவு எடுத்தேன். டேப் நழுவ நழுவ மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர்கள் போன பிறகு மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். போன வாரம் அடுப்பில் கைத்துணி பற்றிக்கொண்டது, வாசல் வெளியே பூட்டியிருந்தது. எப்படியோ தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டேன், நீ பயப்படாதே. அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுப்பையும் சேர்த்துப் பூட்டுவார்.

அவர் கணக்கு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உன் சைக்கிள் தொலைந்தபோது நீ நேரே ஸ்டேஷனுக்குப் போனாய், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த மூன்று மடங்கில் உன் சைக்கிளும் ஒன்று. இங்கே அப்பா பெண்கள் ஹாஸ்டலுக்கு மேனேஜராக இருந்தபோது, ஒருத்தன் பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்தான் என்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றவளை அப்பா விடவில்லை. "வெளிய தெரிஞ்சா உன் பேருதான்மா கெடும்" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து கேட்டை ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டினார். அவன் வெளியே சுற்றினான், அவள் உள்ளே கிடந்தாள். அவர் பார்க்கிற பத்திரிகையில் அவள் இல்லை. நானும் இல்லை.

இதை ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார், சொல்லிவிட்டுப் போய்ப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கெட்டவர் என்றால் மல்லுக்கு நின்றிருப்பேன், பயந்தவரோடு எப்படியம்மா சண்டை போடுவது? என்னை வந்து கூட்டிப்போகிறேன் என்றும் கிளம்பாதே. அவரைத் தனியாக விட்டுவிட்டு எனக்கு அங்கே தூக்கம் வராது. நான் மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதான், நீயும் எதற்கு?

ஊசி வருகிற நேரம் ஆகிவிட்டது. தைத்த சட்டைக்குள் இதை மடித்து வைத்துக் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவாள். பதில் எழுதாதே, தபால் பெட்டிச் சாவியும் அவரிடம்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ மறுபடி கேட்டால் வந்துவிடு என்றுதான் சொல்வேன். அழுதாலும் அழுவேன். அந்த அழுகை நடிப்பில்லை, நீ இந்த வீட்டுக்குள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தினமும் ஏங்குகிறேன். அப்போதும் நீ வராதே. என்னை நம்பாதே, இந்தக் காகிதத்தை நம்பு.

எந்தக் குறையும் இல்லாமல், தலை நிமிர்ந்து, ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் போய் வந்து நீ நூறு வயது இருக்க வேண்டும். புதுச் சைக்கிளுக்கு மறக்காமல் நல்ல பூட்டாக ஒன்று வாங்கு. சைக்கிளுக்கு மட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா