பக்கத்துக் கட்டில்காரிக்காக நீ வைத்த கையெழுத்து

இன்று நான் துப்புரவு வேலை செய்யும் லொங்குய்ய் கந்தோரில் கைகழுவும் சவர்க்காரத்தை மாற்றியிருந்தார்கள். கை கழுவியதும் எலுமிச்சையும் மருந்தும் கலந்த அந்த வாசனை. நீ கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரி அறையின் வாசனை. கூட்டும் தும்புத்தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நாம் இருவரும் பத்து வருடம் ஒன்றாகக் கூட்டிய மாடி அது. ஆள் பார்க்காமல் அழக்கூடிய மூலை எனக்குத் தெரியும்.

உன் பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான வெள்ளைக்கார மனுஷி இருந்தார், முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். உனக்கு வயிற்றில் புற்று, அவருக்குத் தொண்டையில். இருவருக்கும் சில வாரங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். நீ செபமாலை சொல்லிக்கொண்டு கிடந்தாய். அவரோ ஒவ்வொரு காலையும் டொக்டரின் கையைப் பிடித்து, சாவதற்கு ஒரு ஊசி கேட்டார். சட்டம் விடாது, போட்டால் தன்னைச் சிறையில் போடுவார்கள் என்று அந்த இளம் டொக்டர் தலைகுனிந்து சொன்னதை நான்தான் உனக்குத் தமிழில் சொன்னேன்.

அடுத்த நாள் நீ என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். "உனக்குத்தானே பிரெஞ்சு எழுதத் தெரியும். சட்டத்தை மாத்தச் சொல்லி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுது. அவவும் கையெழுத்து வைக்கட்டும், நானும் வைக்கிறன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன விசரோ? பாவமெடி. ஆண்டவர் சிலுவையிலை ஊசி கேட்டவரோ?"

"எனக்கு ஊசி வேண்டாம். ஆண்டவர் கூப்பிடேக்கை போறன். ஆனா அந்த மனிசி அவரை நம்பேல்லை. நான் நம்புறதுக்காக அவ ஏன் நோகவேணும்?"

மூச்சுக்கு மூச்சு நீயே நொந்துகொண்டிருந்தாய். அந்த நிலையில் உனக்கு வேண்டாத ஒன்றை இன்னொருத்திக்காகக் கேட்டாய். சின்ன வயதிலிருந்து பூசை தவறாத நான், அவ்வளவு பெரிய மனசை எந்தக் கோவிலிலும் கண்டதில்லை.

கடிதம் எழுதினேன். இருவரும் கையெழுத்து வைத்தீர்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். தபாலில் போட்டால் பாவம் என்று பயம். "போட்டனியோ?" என்று நீ கேட்டபோது "ஓம்" என்றேன். அந்த மனுஷி திணறித் திணறித்தான் செத்தார். "இனி வாறவைக்கு உதவும்" என்று சொல்லி நீ கண்ணைத் துடைத்தாய். அதிலிருந்து ஒன்பதாம் நாள் நீயும் போய்விட்டாய்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம், கடிதம் எழுதியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதை அனுப்பாததையும் உனக்குப் பொய் சொன்னதையும் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.

இன்று வேலையால் வந்து கடிதத்தை எடுத்தேன். 2008 ஆகியும் சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கையெழுத்து வைத்த இருவரும் இறந்துவிட்டார்கள் என்று அடியில் ஒரு வரி எழுதி, அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ வாசலில் இருக்கும் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் உனக்கு இதை எழுதுகிறேன். அந்த ஊசி பாவம் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லையடி. பாவமென்று நினைத்துக்கொண்டேதான் கடிதத்தைப் போட்டேன்.